மறுபடி நிற்கவில்லை என்று சொல்கிற ஊராட்சித் தலைவர்கள்: உண்மையான காரணம் என்ன?

வாய்க்கால்கரை

டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊராட்சியில் 2020 ஜனவரி 6 முதல் 2025 ஜனவரி 5 வரை தலைவராக இருந்தேன். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் நிற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஊரில் யாரும் நம்பவில்லை. ஒன்றியக் கவுன்சிலருக்குக் குறி வைத்திருக்கிறார் என்கிறார் ஒருவர். யாரிடமோ பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்குகிறார் என்கிறார் இன்னொருவர். தோற்றுப் போனவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஜெயித்தவன் தானாக இறங்கினால்தான் எல்லோருக்கும் சந்தேகம்.

எங்கள் ஒன்றியத்தில் என்னோடு பதவியேற்றவர்களில் இன்னும் நான்கு பேர் இதே முடிவில் இருக்கிறார்கள். ஊழல் புகார் உள்ளவர் யாரும் அவர்களில் இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

என் காரணத்தை ஒரு சம்பவமாகச் சொல்கிறேன். இரண்டாவது வருடம் சித்திரை மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற சப்மெர்சிபிள் மோட்டார் எரிந்துவிட்டது. அந்தத் தொட்டியை நம்பி 210 வீடுகள். தண்ணீர் நின்ற மூன்றாவது மணி நேரத்தில் என் வீட்டு வாசலில் காலிக் குடங்கள் வரிசையாக வந்துவிட்டன. யாரும் சண்டை போடவில்லை. குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

நிதிக்குழு மானியத்தில் பணம் இருக்கிறது. அதை எடுக்கத் தீர்மானம் வேண்டும், மதிப்பீடு வேண்டும், பொறியாளர் ஒப்புதல் வேண்டும், அப்புறம் ஆன்லைனில் டிஜிட்டல் கையெழுத்து. பொதுநிதியில் இருந்தது 6,000 ரூபாய்க்குச் சற்று மேல். பைப்பை ஏற்றி இறக்கும் கூலி, காயில் கட்டும் செலவு, புதுக் கேபிள் எல்லாம் சேர்த்து 31,000 வந்தது. வீட்டுக்காரியின் வளையலை வைத்துக் கொடுத்தேன். திங்கள் இரவு தண்ணீர் வந்துவிட்டது. பணம் எனக்குத் திரும்பி வர ஏழு மாதம் ஆனது. அதிலும் 4,500 ரூபாய்க்குப் பில் சரியில்லை என்று கழித்தார்கள். இப்படி ஐந்து வருடத்தில் எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நாங்கள் பதவிக்கு வந்தபோது மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய். 2023-ல் 2,000 ஆனது. பணம் குறைவு என்பது என் குறை இல்லை. ஊருக்கு முன்னால் பொறுப்பு முழுக்க என் தலையில். அதை நிறைவேற்றும் அதிகாரம் வேறு எங்கோ. இந்த இடைவெளியில் ஐந்து வருடம் நின்றதில் ஓய்ந்துவிட்டேன்.

இங்கே உள்ளாட்சியில் இருந்தவர்கள், பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தவர்கள் ஏன் விலகினார்கள்?

மலைச்சாரல்

அண்ணே, உங்கள் பதிவைப் படித்து வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். விலகுகிறவர்கள் எல்லோரும் உங்களைப் போல இல்லை. எங்கள் பக்கம் தேர்தலுக்கு 20 லட்சம் செலவழித்து வந்தவர், போட்டதை எடுத்ததும் ‘எனக்கு வேண்டாம்பா’ என்று ஒதுங்கிவிட்டார். இன்னும் சிலருக்கு நிற்கவே முடியாது. ஊராட்சித் தலைவர் பதவியின் ஒதுக்கீடு பெண்களுக்கோ பட்டியல் சாதிக்கோ சுழற்சியில் மாறப்போகிறது என்று தெரிந்ததும், ஏதோ தியாகம் செய்வது போல முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். இதையும் கணக்கில் எடுக்காமல் பேசினால் படம் முழுமையாகாது.

பழைய எழுத்தர்

முப்பத்தொரு வருடம் ஊராட்சிச் செயலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1996 தேர்தல் தொடங்கி ஆறு தலைவர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களில் இரண்டு பேர் ஜெயிக்கும் நிலையில் இருந்தும் மறுபடி நிற்கவில்லை.

வாய்க்கால்கரை சொன்ன மோட்டார் கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அந்த விதிகள் ஏன் வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டாரே வாங்காமல் பில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கள்ளப் பில்லுக்காகப் போட்ட பூட்டு, நல்ல தலைவரின் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

காசோலை விஷயம் யாரும் சொல்லவில்லையே? 1994-ம் வருட ஊராட்சிகள் சட்டம் 188-ம் பிரிவுப்படி தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தலில் தலைவருக்கு எதிராக வேலை செய்த கோஷ்டி வார்டுகளைப் பிடித்தால், துணைத் தலைவர் அவர்கள் ஆளாகிவிடுவார். அப்புறம் தெருவிளக்கு பல்பு வாங்குவதற்குக்கூட அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

என்னிடம் இருந்த ஒரு தலைவர், நல்ல மனிதர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காசோலைக்காகத் துணைத் தலைவரின் வயலுக்கே போய் வரப்பில் நின்றார். நான் பேனாவை வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். ‘இருங்க, நாத்து முடியட்டும்’ என்றார் அவர். இரண்டு மணி நேரம். திரும்பி வரும்போது வாத்தியார் ஒரு வார்த்தை பேசவில்லை. மறு தேர்தலில் அவர் பெயர் வேட்புமனுவில் இல்லை.

தலைவரைப் பதவியிலிருந்து நீக்க ஆட்சியருக்கு அதிகாரம் தரும் 205-ம் பிரிவு இன்னொரு பக்கம். நோட்டீஸ் வந்தாலே போதும், நடவடிக்கை வராவிட்டாலும் ஊரில் தலை குனிவுதான். செலவுக் கணக்கில் குறை சொல்லும் தணிக்கைத் தடைகள் பதவி போன பிறகும் வீடு தேடி வரும். இறந்துபோன தலைவரின் மகனிடம் நானே ஒரு கடிதத்தைக் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன்.

ஆவாரம்பூ

நான் 2011 முதல் 2016 வரை தலைவராக இருந்தேன். அப்போது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. பாதி இடம் என்று சட்டம் வந்தது 2016-ல். அந்த வருடம் அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், மூன்று வருடத்துக்கு மேல் தலைவர்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் வந்தபோது, வார்டு வார்டாக வந்து நிற்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

மலைச்சாரல் தம்பி சொன்ன சுழற்சிக் கணக்கு என் விஷயத்தில் இல்லை. எங்கள் ஊராட்சி அப்போதும் பெண்களுக்கே ஒதுக்கியிருந்தது.

வெளியில் எல்லோரிடமும் ‘மாமியாருக்கு உடம்பு முடியவில்லை’ என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் காரணம் அது இல்லை. எங்கள் ஊரில் வாய்க்கால் புறம்போக்கில் ஒரு சுவர். என் நாத்தனார் வீட்டுச் சுவர். மழை வந்தால் காலனித் தெருவுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். கிராம சபையில் காலனிப் பெண்கள் எழுந்து கேட்டார்கள். அளந்து பார்த்தோம், நான்கடி உள்ளே இருந்தது. இடிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டேன், இடித்தார்கள். அன்றையிலிருந்து என் கணவரின் கூடப்பிறந்தவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் பெண் கல்யாணத்துக்கு அத்தை முறைக்கு ஆள் இல்லை. தாலி கட்டும்போது அத்தை நிற்க வேண்டிய இடத்தில் தூரத்து உறவு ஒருத்தி நின்றாள். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

எம்எல்ஏ செய்தால் சென்னையிலிருந்து வந்த உத்தரவு. நான் செய்தால் நானே செய்தது. ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, அந்த முகங்களைத்தான் தினமும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தால், நான் எடுத்தாலும் ‘சார் இருக்காரா?’ என்றுதான் கேட்பார்கள். நான் ஒன்பதாவது வரை படித்தவள். தீர்மானப் புத்தகம் என் கையெழுத்தில்தான் இருக்கும். ஐந்து வருடமும் ‘சார் இருக்காரா’ மாறவில்லை.

மலைச்சாரல்

அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பொதுப்படையாகச் சொன்னது சரியில்லை.

பெண்கள் ஒதுக்கீடு போனதும் தானாகவே காணாமல் போய்விடுவார்கள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. மும்பை மாநகராட்சியை வைத்து ரிக்கில் பவ்நானி என்ற ஆய்வாளர் செய்த கணக்கைப் பிறகுதான் பார்த்தேன். 1997-ல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு 2002-ல் பொதுவாக மாறிய வார்டுகளில், ஒதுக்கீடே இல்லாதிருந்த வார்டுகளைவிடப் பெண் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்திருக்கிறது. ஒரு முறை வந்தவர்களில் சிலராவது விடாமல் நிற்கிறார்கள் என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் உங்களைப் போன்றவர்கள் போவது ஆர்வம் இல்லாமல் இல்லை.

மேலூர்க்காரன்

‘தானாக விலகினார்’ என்ற சொல்லை எங்கள் மாவட்டத்தில் யாராவது சொன்னால் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

இளைய பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996-ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து வருடம் அங்கே உருப்படியாகத் தேர்தல் நடக்கவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது. வந்தால், ஊர்ப் பெரியவர்கள் சொல்லி நிறுத்திய ஆளாக இருப்பார். அவர் ஜெயித்துப் பதவியேற்றதும் உடனே ராஜினாமா கொடுத்துவிடுவார். காகிதத்தில் பார்த்தால் அதுவும் சொந்த விருப்பத்தில் விலகல்தான். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு நிலைத்தார்கள். உதயச்சந்திரன் அப்போது மதுரை ஆட்சியர், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஊரின் ராஜினாமாவை ஒரு மனிதரின் ராஜினாமா போல எழுதி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து மேலவளவு. அங்கேயும் 1996-ல் பயந்து மனுவைத் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் முருகேசன் நின்று தலைவர் ஆனார். மிரட்டல் வந்தது. அவர் விலகவில்லை. 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் உடன் இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். நான் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஒதுக்கீட்டுத் தலைவராவது ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதத்தை அப்படியே நம்ப எனக்கு மனம் வருவதில்லை. 2020-ல்கூட கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வந்ததே. அவமானத்தைத் தாங்கிக்கொண்டு இருந்தால் செய்தி. தாங்காமல் போனால் ‘சொந்தக் காரணம்’.

பழைய எழுத்தர்

மேலூர்க்காரர் சொன்னது முழுக்க உண்மை. நான் சொன்ன வாத்தியார் அந்த வகை இல்லை, அவருக்குச் சாதி பலம் இருந்தது. ஆனால் அதே ஒன்றியத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் சில தெருக்களைக் கடக்க வேண்டியிருந்த ஒரு தலைவரையும் எனக்குத் தெரியும். அவரும் மறுபடி நிற்கவில்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்க்கக் கூடாது.

பெர்கன் தமிழன்

நோர்வேயிலிருந்து ஒரு சின்ன தகவல். இங்கே நகராட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நினைத்தவுடன் விலக முடியாது. விடுவிக்கச் சொல்லி மன்றத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். இந்தக் கடமை என் வேலையை, குடும்பத்தை, உடல்நிலையைக் கணிசமாகப் பாதிக்கிறது என்று காரணம் காட்ட வேண்டும். மன்றம் கூடி முடிவெடுக்கும். கொஞ்ச காலத்துக்கு மட்டும் விடுப்பு வாங்கிக்கொண்டு, அந்த நாட்களில் மாற்று உறுப்பினரை உட்கார வைக்கவும் வழி உண்டு. கூட்டத்துக்குப் போக வேலை இடத்தில் விடுப்புக் கொடுப்பது சட்டப்படி கட்டாயம்.

பெரும்பாலோர் பகலில் வேறு வேலை செய்துகொண்டு சாயங்காலம் மன்றத்துக்கு வருகிறவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர், பிள்ளை பிறந்த பிறகு ஒரு வருடம் விடுப்பு வாங்கி, அப்புறம் திரும்பி வந்தார். முழுதாக விலகியிருந்தால் திரும்பியிருக்க மாட்டேன் என்றார். இங்கேயும் ஒவ்வொரு தேர்தலிலும் மன்றங்களில் பாதிக்கும் மேல் புது முகங்கள்தான். ஆனால் அதை யாரும் அவமானமாகப் பார்ப்பதில்லை, ‘என் முறை முடிந்தது’ என்கிறார்கள். வாய்க்கால்கரை அண்ணன் ஊரில் அவரைச் சந்தேகிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

வடலி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் விலகுறதுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. வரவுசெலவுத் திட்டம் இரண்டு தரம் தோற்றால், மேயரோ தவிசாளரோ (சபைத் தலைவர்) பதவி விலகினதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2020 டிசம்பரில் யாழ் மாநகர மேயர் ஆர்னோல்ட் அப்படித்தான் பதவி இழந்தவர். அவருக்குப் பிறகு வந்த மணிவண்ணன், 2022 கடைசியில் வரவுசெலவுத் திட்டம் தோற்ற பிறகு, தானே விலகினவர். தள்ளி விடுவதற்கு முன் இறங்குவது. அதையும் ‘சுயவிருப்பம்’ என்றுதான் எழுதுவினம்.

கட்சிப் பட்டியலில் வந்த உறுப்பினர்கள் பாதியில் விலகி, கட்சியில் அடுத்தவருக்கு இடம் விடுகிறதும் உண்டு. அது முன்கூட்டியே பேசி வைத்தது. அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

மலைச்சாரல்

வடலி சொன்னதைப் படித்ததும் 2024 ஜூலை 3 நினைவுக்கு வந்தது. ஒரே நாளில் கோவை மேயரும் திருநெல்வேலி மேயரும் ராஜினாமா செய்தார்கள். இருவரும் சொந்தக் காரணம் என்றே சொன்னார்கள். நெல்லையில் அதற்கு ஆறு மாதம் முன்பு, சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே கேட்டு நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரை போய், கூட்டத்துக்கு ஆள் வராமல் அது விழுந்தது. மாநகராட்சியில் விலகலைக் கட்சி முடிவு செய்கிறது. ஊராட்சியில் கட்சிச் சின்னம் இல்லை, அதனால் அங்கே விலகுகிறவர் தனியாகத்தான் நிற்கிறார். தாங்கிப் பிடிக்கவும் ஆள் இல்லை, போகச் சொல்லவும் ஆள் இல்லை.

வாய்க்கால்கரை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

மேலூர்க்காரர் ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. நான் ஓய்ந்துபோனேன் என்று எழுதினேன். என்னை யாரும் தரையில் உட்காரச் சொல்லவில்லை. என் சாதிக்காக என்னை யாரும் மிரட்டவில்லை. அது இல்லாமலேயே ஐந்து வருடத்தில் இவ்வளவு தேய்ந்தேன் என்றால், அதையும் சுமந்துகொண்டு இதே மோட்டாரையும் இதே காசோலையையும் பார்த்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆவாரம்பூ அக்கா, நான் மோட்டாரைப் பற்றி எழுதினேன். நீங்கள் சுவரைப் பற்றி எழுதினீர்கள். என்னிடமும் ஒரு சுவர் இருக்கிறது. முதல் பதிவில் அதை விட்டுவிட்டேன். கொரோனா ஊரடங்கின்போது, வெளியூரிலிருந்து வந்த என் பால்ய சினேகிதனின் குடும்பத்தைப் பள்ளிக்கூடத்தில் தனியே தங்க வைக்க நான்தான் நின்றேன். பதினான்கு நாள். மூன்று வேளை சாப்பாடு என் வீட்டிலிருந்துதான் போனது. அவன் இன்றுவரை என்னோடு பேசவில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் அவன் எழுந்துவிடுவான். மோட்டார் பணம் ஏழு மாதத்தில் வந்துவிட்டது.

பெர்கன் தம்பி சொன்ன அந்த விடுப்பு முறை இங்கே இருந்திருந்தால், மூன்றாவது வருடம் ஆறு மாதம் எடுத்திருப்பேன். ஒருவேளை இப்போது வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆவாரம்பூ

தம்பி, ஒன்று கேட்கிறேன். நீங்கள் நிற்கவில்லை என்றால் உங்கள் ஊரில் யார் நிற்பார்கள்?

வாய்க்கால்கரை

இரண்டு பேர் பெயர் அடிபடுகிறது அக்கா. ஒருவர் செங்கல் சூளைக்காரர், காசு இருக்கிறது. இன்னொருவன் காலனித் தெருப் பையன், டிப்ளமோ படித்துவிட்டு ஊரிலேயே பம்பு செட் ரிப்பேர் செய்கிறான். அன்று மோட்டார் எரிந்தபோது ராத்திரி முழுக்கக் கிணற்று மேட்டில் நின்றவன் அவன்தான். கூலி வாங்கவில்லை.

போன வாரம் வந்து, ‘அண்ணே, நீங்க நிக்கலைன்னா நான் நிக்கட்டுமா?’ என்று கேட்டான். உடனே வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை.

மேலூர்க்காரன்

சொல்லாதீர்கள். ஆனால் எதையும் மறைக்காதீர்கள். பொது ஊராட்சியில் காலனியிலிருந்து ஒருவன் நிற்பது என்ன என்று அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அவனுக்குத் தெரியாதது, கள்ளப் பில் எது, நல்ல பில் எது என்பது.

பழைய எழுத்தர்

அதை நான் சொல்லித் தருகிறேன். மதிப்பீடு, அளவுப் புத்தகம், தீர்மானம் எழுதும் முறை எல்லாவற்றுக்கும் என்னிடம் பழைய மாதிரிகள் இருக்கின்றன. தனிச் செய்தியில் விலாசம் அனுப்புங்கள், தபாலில் போடுகிறேன். துணைத் தலைவர் யார் என்பதை வார்டு மனுத்தாக்கல் சமயத்திலேயே யோசிக்கச் சொல்லுங்கள். ஜெயித்த பிறகு யோசித்தால் நேரம் கடந்துவிடும்.

வாய்க்கால்கரை

விலாசம் அனுப்பியிருக்கிறேன் ஐயா. பையனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஐந்து வருடமும் கைக்காசு போட்டதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், வீட்டில்கூட யாருக்கும் காட்டியதில்லை. அதை முதலில் அவன் கையில் கொடுக்கப் போகிறேன். படித்த பிறகும் நிற்கிறேன் என்றால், அவன் மனுவில் முன்மொழிகிறவர் கையெழுத்து என்னுடையது.